செங்கடல் ஒரு நாள், மன்னா நாற்பது வருடம்

வாசிக்க: யாத்திராகமம் 14–16, உபாகமம் 8:1–5, யோவான் 9:1–7



இருதயத்தைக் குறித்து நாம் எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். சிறுநீரகத்தைக் குறித்து ஒரு பிரசங்கமாவது கேட்ட நினைவு உங்களுக்கு உண்டா? ஆயினும் வேதம் அதைப் பற்றிப் பேசாமல் விடவில்லை. சங்கீதம் 7:9, சங்கீதம் 26:2, எரேமியா 17:10 ஆகிய இடங்களில் கர்த்தர் மனுஷனுடைய இருதயத்தோடு சேர்த்து வேறொன்றையும் சோதித்தறிகிறார் என்று வாசிக்கிறோம். நம்முடைய தமிழ் வேதாகமத்தில் அது ‘உள்ளிந்திரியங்கள்’ என்று மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. எபிரெய மூலத்தில் அங்கே நிற்கும் சொல் ‘கெலாயோத்’. அதன் நேர்ப்பொருள் சிறுநீரகங்கள் என்பதே. லேவியராகமத்தில் பலிபீடத்தின்மேல் தகனிக்கப்பட்ட குண்டிக்காய்களுக்கும் அதே சொல்தான். தாயின் கர்ப்பத்தைக் குறித்துத் தாவீது பாடும் 139-ஆம் சங்கீதத்தின் 13-ஆம் வசனத்திலும் அதே சொல்தான்.

எபிரெயர் அந்த உறுப்பைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் உண்டு என்று நினைக்கிறேன். இருதயம் துடிப்பதை நாம் கைவைத்து உணரலாம். மூச்சு ஓடுவதைக் கண்ணால் காணலாம். சிறுநீரகமோ முதுகின் ஆழத்தில், கொழுப்பினுள் பொதிந்து, ஓசையின்றி வேலை செய்கிறது. அது கெட்டாலும் பெரும்பாலும் ஓசையின்றியே கெடுகிறது. மறைவானதின் மறைவு அது. அந்த மறைவிலும் கர்த்தருடைய கண் இருக்கிறது என்பதே அந்தச் சொல்லின் கருத்து.

இந்த வாரம் ஒரு குறிப்பிட்ட நோயைக் குறித்து எழுத விரும்புகிறேன். ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் பிறவியிலேயே வரும் நோய் இது. சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாயின் பின்பகுதியில் மெல்லிய சவ்வு மடிப்பு ஒன்று உருவாகி வழியை மறிக்கிறது. மருத்துவர்கள் இதை ‘போஸ்டீரியர் யூரித்ரல் வால்வு’ என்பார்கள். மருத்துவமனை வராந்தாக்களில் ‘பி.யு.வி.’ அல்லது வெறுமனே ‘வால்வு’ என்றே பெயர். அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஹியூ ஹாம்ப்டன் யங் என்ற மருத்துவரும் அவருடைய உடன் மருத்துவர்களும் 1919-இல் இதை வகைப்படுத்தி விவரித்தார்கள். ஏறக்குறைய 5,000 முதல் 8,000 வரையிலான ஆண்குழந்தைகளில் ஒருவருக்கு இது காணப்படுகிறது. அரிதானதுதான். ஆனாலும் என் ஊழியக் காலத்தில் இந்த நோயோடு பிறந்த பிள்ளைகளின் படுக்கையருகே நின்று ஜெபித்திருக்கிறேன். அவர்களில் ஒருவனைப் பற்றி, அவனும் அவன் பெற்றோரும் தந்த அனுமதியோடு, பெயரும் ஊரும் சொல்லாமல், இங்கே எழுதுகிறேன்.

யார் செய்த பாவம்?

கண்மாய்ப் பாசனம் பார்த்தவர்களுக்கு இந்த நோய் எளிதில் விளங்கும். மடை அடைபட்டால் தண்ணீர் அங்கே நின்றுவிடுவதில்லை. அது எதிர்த்து ஏறுகிறது. முதலில் கரை அழுத்தம் தாங்குகிறது, பிறகு மேலே உள்ள வயல்கள் மூழ்குகின்றன. கர்ப்பத்திலுள்ள பிள்ளையிடமும் அப்படியே நிகழ்கிறது. அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளிச் சிறுநீர்ப்பையின் சுவர் தடிக்கிறது. அதன் அழுத்தம் இரண்டு குழாய்களின் வழியே மேலேறி, இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிற சிறுநீரகங்களை வீங்கச் செய்கிறது. உருவாகும் பருவத்திலேயே அழுத்தப்பட்டதால் அவை சரியாக உருவாகாமலும் போகலாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கர்ப்பத்தின் பிற்பாதியில் குழந்தையைச் சுற்றியிருக்கும் பனிக்குட நீரின் பெரும்பகுதி அக்குழந்தை கழிக்கும் சிறுநீரே. அது குறைந்தால் நுரையீரல் வளர இடமில்லாமல் போகிறது. ஆகவே கடுமையான அடைப்போடு பிறக்கும் குழந்தைக்கு முதல் மணி நேரத்தில் போராட்டம் சிறுநீரகத்தில் அல்ல, மூச்சிலேதான்.

நான் சொல்ல வந்த பிள்ளையின் தாய்க்கு ஏழாம் மாத ஸ்கேனில் இது தெரியவந்தது. சிறுநீர்ப்பை பெருத்திருக்கிறது, இரண்டு சிறுநீரகங்களிலும் வீக்கம் இருக்கிறது, நீர் சற்றே குறைந்திருக்கிறது என்று சொன்னார்கள். அன்று மாலை அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். அந்தத் தாய் என்னிடம் நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “ஐயா, நாங்க என்ன குத்தம் செஞ்சோம்?”

பக்கத்தில் நின்ற மாமியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அந்தக் கேள்வி அன்று காலையிலிருந்தே உலவிக்கொண்டிருந்தது என்று அறிந்துகொண்டேன். கர்ப்பமாயிருக்கையில் ஒரு துக்க வீட்டுக்குப் போனது, ஒரு நாள் கோபத்தில் சாப்பிடாமல் படுத்தது, விவாகத்துக்கு முன் தகப்பன் குடித்தது என்று காரணங்கள் ஒவ்வொன்றாய் எண்ணப்பட்டிருந்தன.

சீஷர்கள் பிறவிக் குருடனைக் கண்டபோது கேட்டதும் இதே கேள்விதான். இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று அவர்கள் கேட்டார்கள். ஆண்டவர் இரண்டையும் மறுத்துவிட்டார். இதைக் கவனியுங்கள்: அவர் அந்தக் கேள்விக்கு மூன்றாவது குற்றவாளி ஒருவனைக் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை. கேள்வியையே தள்ளிவிட்டு, குனிந்து, மண்ணைக் கையில் எடுத்தார்.

மருத்துவமும் இங்கே ஆண்டவருடைய வார்த்தைக்கு விரோதமாய்ப் பேசவில்லை. இந்தச் சவ்வு கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களுக்குள், உறுப்புகள் பிரிந்து உருவாகும் நாட்களில் உண்டாகிறது. தாய் உண்டதாலோ, உண்ணாததாலோ, அழுததாலோ, பயணம் செய்ததாலோ வருவதல்ல. அன்று அந்தத் தாயிடம் இதைச் சொன்னேன். மாமியாரும் கேட்கும்படி சொன்னேன். நம்முடைய சபைகளில் ஊனத்தோடு பிறந்த பிள்ளையின் தாயைச் சந்திக்கும் ஒவ்வொருவரும் இதை முதல் வார்த்தையாகச் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும். ஜெபம் அதற்குப் பிறகு வரட்டும்.

ஆனால் 139-ஆம் சங்கீதம்? என் சிறுநீரகத்தை உருவாக்கினவர் அவரே என்றால், இந்தக் குறையையும் அவரா உருவாக்கினார்? இந்தக் கேள்விக்கு விரைவாய்ப் பதில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அந்தச் சங்கீதம் ஒவ்வோர் உறுப்பும் பழுதின்றிப் பிறக்கும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. ஒருவரும் காணாத இடத்திலும் அந்தப் பிள்ளை கர்த்தருடைய கைக்குப் புறம்பாயில்லை என்றே சொல்லுகிறது. பழுதான சிறுநீரகமும் அவருடைய கைக்குள் இருக்கிறது. அதற்கு மேல் சொல்ல எனக்கு வார்த்தையில்லை. அது போதும் என்று பல இரவுகளில் கண்டிருக்கிறேன்.

வழி திறந்த நாள்

பிறப்பதற்கு முன்பே இந்த அடைப்பைத் தீர்க்க முடியாதா என்று மருத்துவர்கள் முயன்றதுண்டு. 1981-இல் கலிபோர்னியாவில் மைக்கேல் ஹாரிசன் என்ற அறுவை மருத்துவர், சிறுநீர் அடைப்புள்ள ஒரு சிசுவுக்குத் தாயின் கர்ப்பத்தைத் திறந்து சிகிச்சை செய்தார். அந்தக் குழந்தை பிறந்தபின் பிழைக்கவில்லை. பிற்பாடு, சிசுவின் சிறுநீர்ப்பையிலிருந்து பனிக்குடத்துக்குள் சிறு குழாய் ஒன்றை வைத்து நீரை வடியவிடும் முறை வந்தது. பிரிட்டனை மையமாகக் கொண்டு நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், இம்முறையால் பிழைக்கும் வாய்ப்பு கூடலாம் என்று தோன்றியது. ஆனால் பிழைத்தவர்களில் மிகச் சிலருக்கே சிறுநீரகங்கள் இயல்பாய் இருந்தன. ஆகவே இன்றும் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிறந்த பிறகே சிகிச்சை.

நம்முடைய பிள்ளையும் அப்படியே. பிறந்தவுடன் மெல்லிய டியூப் ஒன்றைச் செலுத்திச் சிறுநீரை வடியவிட்டார்கள். கிருமித்தொற்று வராதபடி மருந்து கொடுத்தார்கள். மருந்துநீரைச் சிறுநீர்ப்பையில் நிரப்பி எக்ஸ்ரே படம் எடுத்து வால்வை உறுதிப்படுத்தினார்கள். பன்னிரண்டாம் நாளில், மயக்கம் கொடுத்து, வைக்கோல் தண்டைவிட மெலிந்த கருவி ஒன்றைக் குழாய்க்குள் செலுத்தி அந்தச் சவ்வை அறுத்துவிட்டார்கள். உடலில் வெளிக்காயம் ஒன்றுமில்லை. தகப்பன் வெளியே வந்து, “ஐயா, நல்லா வீச்சா மூத்திரம் போனான்” என்று சொல்லி அழுதார். ஒரு பிள்ளை சிறுநீர் கழித்ததற்காக இரண்டு பெரியவர்கள் வராந்தாவில் நின்று ஸ்தோத்திரம் சொன்னோம்.

இவ்விடத்தில் ஒரு சிறு விஷயம். இப்படிப்பட்ட பிள்ளைகள் சிலருக்கு முன்தோலை நீக்கும்படி மருத்துவர்கள் ஆலோசனை சொல்வதுண்டு. விசுவாசக் குடும்பங்கள் திகைத்துப்போய், ‘விருத்தசேதனம் வேண்டாமென்று பவுல் எழுதவில்லையா?’ என்று கேட்கிறார்கள். கலாத்தியருக்குப் பவுல் மறுத்தது, இரட்சிப்புக்கு அது வேண்டும் என்ற போதனையை. இங்கே காரணம் இரட்சிப்பு அல்ல, கிருமித்தொற்று. பிரான்சில் நடந்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், வால்வு நோயுள்ள பிள்ளைகளுக்கு மருந்து மட்டும் கொடுத்தபோது இரண்டு ஆண்டுகளுக்குள் காய்ச்சலோடு கூடிய சிறுநீர்த் தொற்று வரும் வாய்ப்பு நூற்றுக்கு 20 ஆக இருந்தது. மருந்தோடு முன்தோலையும் நீக்கியபோது அது 3 ஆகக் குறைந்தது. ஒவ்வொரு தொற்றும் சிறுநீரகத்தில் தழும்பை விட்டுச் செல்லக்கூடும். ஆகையால் மருத்துவர் அப்படிச் சொன்னால் மனச்சாட்சியைக் குறித்துக் கலங்காமல் அவரோடு பேசி முடிவெடுங்கள்.

பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபோது பெற்றோர் சபையில் சாட்சி சொன்னார்கள். கர்த்தர் சுகமாக்கினார் என்று சொன்னார்கள். சபையார் கைதட்டிப் பாடினார்கள். அது மெய்யான சாட்சி.

பாட்டு முடிந்த மூன்றாம் நாள்

இஸ்ரவேலர் செங்கடலைக் கடந்தது ஒரே இரவில். மறுகரையில் மிரியாம் தம்புரு எடுத்தாள், ஸ்திரீகள் நடனத்தோடு பின்சென்றார்கள். அந்தப் பாட்டு முடிந்து மூன்று நாள் வழி போனபோது குடிக்கத் தண்ணீர் இல்லை. வழி திறந்தது ஒரு நாள் அற்புதம். அதற்குப் பிறகு நாற்பது வருடம், விடியும்தோறும் தரையில் குனிந்து மன்னாவைப் பொறுக்க வேண்டியிருந்தது. செங்கடலைப் பிளந்தவரும் மன்னாவைப் பொழிந்தவரும் ஒருவரே. ஆனால் செங்கடலுக்குப் பாட்டு உண்டு, மன்னாவுக்கோ முறுமுறுப்பே மிஞ்சியது. அன்றன்றைய காத்தலை அற்புதம் என்று ஒப்புக்கொள்ள மனுஷனுக்கு என்றும் கடினமே.

இந்த நோயில் வால்வை அறுப்பது செங்கடல். அதோடு பயணம் முடிவதில்லை என்பதற்கு மூன்று காரணங்களை எளிமையாய்ச் சொல்லுகிறேன்.

ஒன்று: ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் உண்டு. அவை பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்பே உருவாகி முடிந்துவிடுகின்றன. அதன்பின் புதிதாய் ஒன்றும் உண்டாவதில்லை. கர்ப்பத்தில் இழந்ததை அறுவை சிகிச்சை திருப்பித் தராது. மீந்திருப்பவை மற்றவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்து, காலப்போக்கில் களைத்துப்போகின்றன.

இரண்டு: மாதக்கணக்காய் அடைப்பை எதிர்த்துத் தள்ளிய சிறுநீர்ப்பை, அடைப்பு நீங்கிய பின்பும் பழைய போராட்டத்தை மறப்பதில்லை. சுவர் தடித்து, விரியாமல், உள்ளே அழுத்தத்தோடு இருக்கும். சில பிள்ளைகளுக்கு வளரும்போது அது தளர்ந்து, முழுவதும் காலியாகாமல் நீரைத் தேக்கி வைக்கும். இரண்டுமே மேலிருக்கும் சிறுநீரகத்தைத் தொல்லைப்படுத்தும். மடையைத் திறந்தபின்பும் கரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்று: பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளை சடசடவென்று வளர்கிறான். உடல் பெருக்கிறது, சிறுநீரகம் அதற்கு ஈடாய்ப் பெருக முடிவதில்லை. அதுவரை சமாளித்துவந்த சிறுநீரகம் அந்தப் பருவத்தில் தடுமாறக்கூடும். இந்நோயோடு பிறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, சில கணக்குகளின்படி மூன்றில் ஒருவருக்கு, வாழ்நாளில் டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்படுகிறது. மற்றவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். யார் எந்தப் பக்கம் என்பது தொடர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

நம்முடைய பிள்ளைக்கு இரண்டு வயதானபோது தகப்பனுக்கு வேலை மாறி அவர்கள் வேறு மாவட்டத்துக்குப் போனார்கள். மூன்றாம் வயதில் ஒருமுறை இரத்தம் பரிசோதித்தார்கள். கிரியேட்டினின் 0.9 என்று வந்தது. தாளின் ஓரத்தில் 1.2 வரை இயல்பு என்று அச்சடித்திருந்தது. நிம்மதியடைந்தார்கள். அந்த 1.2 பெரியவர்களுக்கான அளவு. குழந்தையின் உயரத்தைச் சேர்த்தல்லவா கணக்கிட வேண்டும்? 95 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு 0.9 என்றால், மருத்துவர்கள் கையாளும் எளிய கணக்கின்படி சிறுநீரகத்தின் வேலைத்திறன் சுமார் 43. ஆரோக்கியமான பிள்ளைக்கு அது 90-க்கு மேல் இருக்கும். பாதிக்கும் குறைவு! அந்தத் தாளிலோ சிவப்புக் குறி ஒன்றுமில்லை.

அந்நாட்களில் அவர்கள் சென்ற ஒரு ஜெபக்கூட்டத்தில் ஒருவர் அவர்களிடம், கர்த்தர் சுகமாக்கிய பிள்ளையை மறுபடியும் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது அவிசுவாசம் என்று சொல்லியிருக்கிறார். பரிசோதனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அந்தத் தாய்க்கு ஆண்டவரைச் சந்தேகிப்பதுபோல் இருந்ததாம். போவதை நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டாம் வயதில் பிள்ளை களைத்துக்கொண்டே இருந்தான், வளர்த்தி நின்றுவிட்டது, தலைவலி என்றான். இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. சிறுநீரகங்களின் திறன் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தது.

சிகிச்சைக்காக அவர்கள் மறுபடியும் நான் ஊழியம் செய்யும் பட்டணத்துக்கு வந்தபோது அந்தப் பையனைச் சந்தித்தேன். தாயும் தகப்பனும் மருந்து வாங்கப் போயிருந்தார்கள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: “ஐயா, கர்த்தர் என்னைச் சுகமாக்கிட்டாருன்னு எங்கம்மா சபையில சாட்சி சொன்னாங்களாம். அப்ப அது பொய்யா?”

பிரியமானவர்களே, முப்பது வருட ஊழியத்தில் இதைவிடக் கனமான கேள்வியை நான் சந்தித்ததில்லை. ஒரு சிறுவனுடைய விசுவாசம் அந்தப் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது.

“பொய் இல்லை தம்பி” என்றேன். “உங்கம்மா சாட்சி சொன்ன நாள் செங்கடலைத் தாண்டின நாள். அது மெய்யாகவே நடந்தது. அந்த வழி திறக்காமல் இருந்திருந்தால் நீ இன்று என்னோடு பேசிக்கொண்டிருக்கமாட்டாய். ஆனால் செங்கடலைத் தாண்டினவர்கள் மறுநாள் கானானில் இறங்கவில்லை. நீ இப்போது வனாந்தரத்தில் நடக்கிறாய். அங்கேயும் அவர்தான் கூட வருகிறார். காலையில் நீ விழுங்குகிற மாத்திரை உன் மன்னா.”

அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அது தேன் பணியாரம் மாதிரி இருந்ததுன்னு சன்டே ஸ்கூல்ல சொன்னாங்களே, இது கசக்குது” என்றான். இருவரும் சிரித்துவிட்டோம்.

பரிசோதனை அவிசுவாசமா?

எசேக்கியா ராஜா மரணத்துக்கு ஏதுவாய் வியாதிப்பட்டபோது, கர்த்தர் அவனுடைய கண்ணீரைக் கண்டு பதினைந்து வருடங்களைக் கூட்டிக் கொடுத்தார். வாக்குத்தத்தம் வந்தாயிற்று. அதன் பின்பும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் போடுவித்தார். தீர்க்கதரிசியினிடத்தில் விசுவாசம் குறைவாயிருந்ததா? பிறவிக் குருடனும் ஆண்டவருடைய கை பட்ட பிறகே சீலோவாம் குளத்துக்கு நடந்துபோய்க் கழுவ வேண்டியிருந்தது. கர்த்தருடைய கிரியையும் மனுஷன் நடக்கும் நடையும் வேதத்தில் ஒன்றுக்கொன்று எதிரிகள் அல்ல.

ஆகவே பெற்றோர்களே, ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ வருடத்துக்கு ஒருமுறையோ மருத்துவர் வரச் சொல்லும் நாளை ஸ்தோத்திர நாளாக ஆசரியுங்கள். இரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், ஸ்கேன், சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு மீந்திருக்கிறது என்ற அளவு: இவையே காவலாளிகள். இரத்த அழுத்தத்தைத் தாழ்வாகக் கட்டுக்குள் வைத்தால் பிள்ளைகளின் சிறுநீரகப் பழுது மெதுவாகிறது என்று ஐரோப்பிய மருத்துவமனைகளில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது.

வீட்டில் கவனிக்க வேண்டியவையும் சில. இருமல், சளி இல்லாமல் காய்ச்சல் வந்தால் முதலில் சிறுநீரைப் பரிசோதியுங்கள். கடையில் தானாக வாங்கும் வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடிகளும் பற்பங்களும் அப்படியே. இந்தப் பிள்ளைகளில் பலருடைய சிறுநீரகத்துக்கு நீரைச் சேமிக்கத் தெரியாது. தண்ணீர் குடிக்காவிட்டாலும் சிறுநீர் போய்க்கொண்டே இருக்கும். வயிற்றுப்போக்கு வந்தால் விரைவில் நீர் வற்றிவிடும், உடனே மருத்துவரிடம் போங்கள். லெந்து நாட்களில் இவர்களை உபவாசம் இருக்கச் சொல்லாதேயுங்கள்.

ஸ்கேனில் தப்பிப்போன பிள்ளைகளும் உண்டு. ஆண்குழந்தை முக்கி முக்கிச் சிறுநீர் கழித்தாலும், சொட்டுச் சொட்டாய்ப் போனாலும், அடிவயிறு உருண்டையாய்த் தட்டுப்பட்டாலும், எடை ஏறாவிட்டாலும், வளர்ந்த பின்பும் பகலில் நனைத்துக்கொண்டே இருந்தாலும் காத்திராமல் காட்டுங்கள்.

சபை செய்யவேண்டியது

அந்தப் பையன் இப்போது பதினாறு வயதை எட்டியிருக்கிறான். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை சிறு டியூப் ஒன்றைத் தானே செலுத்திச் சிறுநீர்ப்பையைக் காலி செய்கிறான். இந்த எளிய முறையை 1972-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் லாபிடஸ் எழுதி வெளியிட்டார். அதற்குப் பின் உலகமெங்கும் எண்ணற்ற சிறுநீரகங்கள் அதனால் காக்கப்பட்டன. கையைக் கழுவிச் சுத்தமாய்ச் செய்தால் போதும். கடினமானது அதுவல்ல. பள்ளியில் தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை கடினம். வகுப்பில் எழுந்து மூன்றாம் முறை அனுமதி கேட்பது கடினம். வாலிபர் முகாமில் இரவு பாய் நனைந்துவிடுமோ என்ற பயத்தில் வரமாட்டேன் என்று சொல்லிவிடுவது கடினம்.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களே, ஒரு பிள்ளை அடிக்கடி வெளியே போனால் காரணம் கேட்டு எல்லார் முன்பும் நிறுத்தாதேயுங்கள். முகாம் நடத்துகிறவர்களே, தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பறையை முதலில் உறுதிப்படுத்துங்கள். இதுவும் ஊழியம்தான். பெற்றோரே, படுக்கையை நனைக்கும் பிள்ளையை அடிக்காதேயுங்கள், அது அவனுடைய சோம்பல் அல்ல.

சிறுநீரகம் முற்றும் செயலிழந்தாலும் வழி அடைந்துபோவதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1971-இல் மாற்றுச் சிறுநீரகம் வெற்றிகரமாய்ப் பொருத்தப்பட்டது நம் தேசத்தின் மருத்துவ வரலாற்றில் ஒரு மைல்கல். அதன்பின் எத்தனையோ தாய்மாரும் தகப்பன்மாரும் தங்கள் சரீரத்திலிருந்து ஒரு பங்கைப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார்கள். புதிய சிறுநீரகம் வைத்தாலும் பழைய சிறுநீர்ப்பைதான் அதைத் தாங்கப்போகிறது. ஆகையால் இன்று பையனுடைய சிறுநீர்ப்பையைப் பேணுவது நாளைய நன்கொடையைப் பேணுவதும் ஆகும்.

நாற்பது வருட முடிவில் மோசே இஸ்ரவேலரைத் திரும்பிப் பார்க்கச் சொன்னபோது எதை நினைப்பூட்டினார்? உபாகமம் 8-இல், அவர்கள் உடுத்த வஸ்திரம் பழையதாய்ப் போகவில்லை, கால் வீங்கவில்லை என்று சொல்லுகிறார். எவ்வளவு சிறிய காரியம்! சிறுநீரக நோயுள்ள பிள்ளையை வளர்க்கிற தாய்க்கு மட்டும் அது சிறிய காரியமாய்த் தோன்றாது. அவள் ஒவ்வொரு காலையும் பிள்ளையின் பாதத்தை விரலால் அழுத்தி, வீக்கம் உண்டா என்று பார்க்கிறவள். வீக்கம் இல்லை என்றால் அது அவளுக்கு ஒரு சாட்சி. நம்முடைய சபையில் இனி அந்தச் சாட்சிக்கும் இடம் இருக்கட்டும். ‘இந்த மாதப் பரிசோதனையில் அளவு கூடவில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்’ என்று ஒரு தாய் எழுந்து சொன்னால், செங்கடலுக்குப் பாடிய அதே குரலோடு நாமும் பாடுவோமாக.

ஜெபம்: மறைவான உறுப்புகளையும் மறைவான கண்ணீரையும் அறிந்திருக்கிற பிதாவே, குறையோடு பிறந்த எங்கள் பிள்ளைகளை உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். தங்களையே குற்றப்படுத்திக்கொள்ளும் தாய்மாரை விடுவியும். மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் பொறுமையையும் ஞானத்தையும் தாரும். ஒரு நாளின் அற்புதத்துக்கு நன்றி சொன்ன எங்களுக்கு, அன்றன்றைய மன்னாவுக்கும் நன்றி சொல்லும் இருதயத்தைத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென்.